வள்ளத்தில் இருந்தபடி விராலடிப்பானைப் பார்க்க

விராலடிப்பான் (Osprey) மீன் பிடித்துத் தின்னும் வேட்டைப் பறவை. நம்மூர்ப் பறவை இல்லை, வலசை வருவது. அக்டோபர் முதல் மார்ச் வரை கன்னியாகுமரி மாவட்டத்து மணக்குடிக் காயல் பக்கம் தேடலாம். காயல் கடலில் சேரும் பொழிமுகம் தாண்டிக் கடலுக்குப் போகவே வேண்டாம். அலையில் பைனாகுலர் நிற்காது.

காலை 7 மணிக்கெல்லாம் வள்ளம் தண்ணீரில் இருக்கட்டும். கிழக்குக் கரையை ஒட்டி நின்றால் வெயில் முதுகுப் பக்கம் வரும். வெயிலைப் பார்த்து நின்றால் எந்தப் பருந்தும் கறுப்பாகத்தான் தெரியும். பெருமழைக்கு மறுநாள், காயலில் வந்து சேரும் பழையாறு கலங்கிப் பாயும். மீன் தெரியாத தண்ணீரில் வேட்டை குறைவு, ஆகவே இரண்டு மூன்று நாள் கழித்துப் போங்கள்.

பைனாகுலர் 8x42 (எட்டு மடங்கு பெருக்கம், 42 மி.மீ. முன் லென்ஸ்) போதும். 10x வாங்கியவர்கள் வள்ளத்தில் ஏறியதும் வருந்துவார்கள், ஆட்டமும் பத்து மடங்காகிவிடும். முழங்கையை வள்ளத்தின் விளிம்பில் ஊன்றாதீர்கள், மோட்டார் அதிர்வு அப்படியே கைக்கு ஏறும். விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள்.

கம்பில் பறவை உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் நேராக அதை நோக்கி ஓட்டுவதுதான் வழக்கமான தப்பு. நூறு மீட்டருக்கு முன்பே மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்கள். காற்றோ கழுக்கோலோ (வள்ளத்தை ஊன்றித் தள்ளும் நீளக் கம்பு) மெல்லத் தள்ளட்டும். அது தலையை மேலும் கீழும் ஆட்டி உங்களையே பார்த்தால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

அடையாளத்துக்கு இறக்கையைப் பாருங்கள். விராலடிப்பானுக்கு மணிக்கட்டில் மடிந்து நிற்கும், கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை ஓடும். செம்பருந்துக்குத் தலை வெள்ளை, உடல் செங்கல் நிறம். அதன் இளம் பறவை தவிட்டு நிறம், கரும்பருந்தென்று ஏமாறுவீர்கள். வாலைப் பாருங்கள்: கரும்பருந்துக்குப் பிளவு, செம்பருந்துக்கு வட்டம். வெண்வயிற்றுக் கடற்கழுகு இவற்றையெல்லாம் விடப் பெரிது, இறக்கையை மேல்நோக்கித் தூக்கிப் பிடித்து மிதக்கும்.

செம்பருந்தும் கடற்கழுகும் மேல்மட்டத்தில் மீனை அள்ளிக்கொண்டு போகும். விராலடிப்பான் அந்தரத்தில் இறக்கையடித்து நின்று, காலை முன்னே நீட்டித் தண்ணீருக்குள்ளேயே விழும். எழுந்ததும் நாய் மாதிரி உடம்பை உதறும். பிறகு மீனின் தலை முன்னே இருக்கும்படி திருப்பிப் பிடிக்கும், காற்று தடுக்காமல் இருக்க. வெளிவிரலைப் பின்னால் திருப்பவும் முடியும், பாதத்தில் முள்முள்ளாகச் சொரசொரப்பு உண்டு. மடவை மீன் வழுக்காததற்கு அதுதான் காரணம். பறவை விழும்போது தேடினால் தவறவிடுவீர்கள், அந்தரத்தில் நிற்கும்போதே பைனாகுலரை ஏற்றிவிட வேண்டும்.

கரைக்கு வந்ததும் லென்ஸைச் சட்டையால் துடைக்காதீர்கள். காய்ந்த உப்பு கீறிவிடும். முதலில் நல்ல தண்ணீர் நனைத்த துணி, பிறகு உலர்ந்த துணி.