நொய்யல் தண்ணீரை அளக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நொய்யல் ஆற்றில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே ஒரு தோட்டத்தில், கிணற்றுத் தண்ணீரை ஒரு சொம்பில் மொண்டு கொடுத்தார் அந்த வீட்டு அம்மா. கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. சாய நிறமோ வாடையோ துளியும் இல்லை. "குடிச்சுப் பாரு கண்ணு" என்றார். ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை, அவ்வளவு உப்பு. வரப்போரத் தென்னைகளில் ஓலை நுனியெல்லாம் கருகியிருந்தது.

தெளிந்த தண்ணீர் நல்ல தண்ணீர் என்று நம்புவதுதான் முதல் தவறு. பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்கு உப்பு வேண்டும். திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் சிலவற்றில் சாதா உப்பு போடுவார்கள், சிலவற்றில் சோடியம் சல்பேட். சாயம் துணியில் ஒட்டிக்கொள்ளும், உப்போ அலசுகிற தண்ணீரோடு அப்படியே வெளியே வந்துவிடும். சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டால் நிறம் அடியில் படிந்துவிடும். நுண்ணுயிர்த் தொட்டியில் விட்டால் பிஓடி, அதாவது கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு, இறங்கிவிடும். இந்த இரண்டிலும் உப்பு குறையாது. அதைப் பிரிக்க ஆர்ஓ என்னும் சவ்வு வடிகட்டி வேண்டும். ஆர்ஓ ஒதுக்கித் தள்ளும் அடர் உப்பு நீரைக் காய்ச்சி வற்றவைக்க ஆவியாக்கியும் வேண்டும். பாசனத்துக்கென்று 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் தொட்டியாகிப் போனது இப்படித்தான். ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே வரக்கூடாது என்று 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2009இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதன் பிறகும் நிற்காததால், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி உத்தரவு வந்தது.

ஆகவே நொய்யலில் முதலில் பார்க்க வேண்டியது டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு. அதை அளப்பதிலும் ஒரு குழி இருக்கிறது. பேனா போன்ற சிறிய மீட்டரைத் தண்ணீரில் விட்டு, வருகிற எண்ணை அப்படியே எழுதிக்கொள்கிறோம். அந்தக் கருவி உண்மையில் உப்பை அளப்பதில்லை. தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று அளந்து, அதை ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. அந்த எண் கருவிக்குக் கருவி மாறும். ஒன்றில் 0.5, இன்னொன்றில் 0.7. மின்கடத்துதிறன் 4000 மைக்ரோசீமன்ஸ் உள்ள தண்ணீரை முதல் கருவி 2000 என்று சொல்லும், அடுத்தது 2800 என்று சொல்லும். வெளியேற்றும் கழிவுநீருக்கு மாசு கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் டிடிஎஸ் வரம்பு லிட்டருக்கு 2100 மில்லிகிராம். ஒரே தண்ணீர், ஒரு கையில் வரம்புக்குள், மறு கையில் வரம்பு மீறல்! அதனால் மின்கடத்துதிறனையே நோட்டில் எழுதுங்கள். கூடவே கருவியின் பெயரையும். கருவியை, மின்கடத்துதிறன் 1413 என்று அச்சிட்ட அளவீட்டுக் கரைசலில் நனைத்துச் சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள். திரையின் மூலையில் பத்தால் பெருக்கச் சொல்லும் சின்னக் குறி வருகிறதா என்றும் பாருங்கள். அதைக் கவனிக்காமல் 3200ஐ 320 என்று எழுதிய தாளை என் கையிலேயே வைத்திருக்கிறேன்.

அடுத்தது நேரம். காலை பத்து மணிக்குப் போய் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வருவது நமக்கு வசதி. திருட்டுத்தனமாகத் திறந்துவிடுகிறவர்கள் ராத்திரியில்தான் திறக்கிறார்கள், அல்லது மழைக்குக் காத்திருக்கிறார்கள். மழை வந்தால் உப்பு நீர்த்துக் குறைந்துபோகும், மீட்டரிலும் எண் குறையும். இங்கேதான் ஓடுகிற தண்ணீரின் அளவையும் பார்க்க வேண்டும். நாளொன்றுக்கு 1 கோடி லிட்டர் ஓடும்போது டிடிஎஸ் 3000 என்றால், ஆறு சுமந்து போகும் உப்பு 30 டன். மழையில் 10 கோடி லிட்டர் ஓடும்போது டிடிஎஸ் 600 என்றால், பார்க்க நல்ல எண்தான், ஆனால் உப்பு 60 டன்! மழைத் தண்ணீர் நிலத்திலிருந்து அரித்து வருவதும் அதில் சேர்த்திதான். ஆனாலும் ஓட்டத்தை அளக்காமல் டிடிஎஸ்ஸை மட்டும் எழுதிவைத்தால், ஆறு சுத்தமாகிவிட்டது என்று ஏமாந்துபோவோம். தரைப்பாலத்தின் அகலம், தண்ணீரின் ஆழம், ஒரு தேங்காயை மிதக்கவிட்டு அது பத்து மீட்டர் போக எத்தனை விநாடி ஆகிறது என்ற கணக்கு, இவ்வளவு இருந்தாலே தோராயமான ஓட்டம் கிடைத்துவிடும்.

மேலே ஓர் இடம், கீழே ஓர் இடம் என்று இரண்டிலும் எடுக்காத மாதிரிக்கு மதிப்பில்லை. ஊருக்குள் வருவதற்கு முன் தண்ணீர் எப்படி இருந்தது என்று தெரியாமல், ஊர் என்ன சேர்த்தது என்று எப்படிச் சொல்வது?

கிணறுகளில் வேறொரு தவறு நடக்கிறது. இன்றைக்குக் கிணறு உப்பாக இருந்தால் இன்றைக்கே யாரோ கழிவைத் திறந்துவிடுகிறார்கள் என்று முடிவுகட்டிவிடுகிறோம். பாறைப் பிளவுகளில் இறங்கிய உப்பு அவ்வளவு சீக்கிரம் வெளியேறாது, பத்து இருபது வருடம் ஆனாலும் அங்கேயே நிற்கும். அணையடியில் படிந்த சேறும் மெல்லக் கக்கிக்கொண்டிருக்கும். கொங்கு வறண்ட நிலத்தில் இயல்பாகவே உப்புக் கிணறுகளும் உண்டு. ஆற்றிலிருந்து விலகிய ஒரு கிணற்றையும் சேர்த்து, அதே கிணறுகளை மாதாமாதம் ஒரே தேதியில் அளந்தால்தான் எது பழைய காயம், எது புதியது என்று பிரிக்க முடியும். இது பொறுமை கேட்கும் வேலை. ஆனால் நியாயமாகப் பட்டறை நடத்துகிறவர் மேல் தவறாகக் கைநீட்டாமல் இருக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

எல்லாப் பழியையும் சாயத்தின் மேல் போடுவதும் சரியில்லை. கோவையிலிருந்தே வீட்டுச் சாக்கடை நொய்யலில் கலக்கிறது. பிஓடியையும் சிஓடியையும் (கழிவை வேதிப்பொருளால் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) சேர்த்துப் பாருங்கள். வீட்டுச் சாக்கடையில் பிஓடி ஏறத்தாழ சிஓடியில் பாதி இருக்கும். சிஓடி மிக அதிகம், பிஓடி கொஞ்சம் என்றால் தொழிற்சாலைக் கழிவைச் சந்தேகிக்கலாம்.

இனி உயிர்கள். நஞ்சராயன் குளம் 2024 ஆகஸ்டில் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது திருப்பூர்க்காரர்களுக்கு எவ்வளவு மகிழ்ச்சி! பறவைகள் கூட்டமாக வருவதால் குளம் நலமாக இருக்கிறது என்று பலர் சொல்கிறார்கள். அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. சாக்கடைச் சத்தில் புழு பெருகினாலும் சில பறவைகள் கூட்டமாக வரும். எத்தனை பறவை என்பதைவிட எந்தெந்தப் பறவை என்று எழுதுங்கள். மீன் இருக்கிறதே என்பதும் அப்படித்தான். ஜிலேபிக் கெண்டையும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் மற்ற மீன் செத்துப்போகும் தண்ணீரிலும் பிழைக்கும். சேற்றைக் கையில் அள்ளிப் பாருங்கள், சிவப்பு நெளிபுழு மட்டும் இருந்தால் அடியில் ஆக்சிஜன் மிகக் குறைவு என்று அர்த்தம். கரைந்த ஆக்சிஜனை மதியத்தில் அளக்காதீர்கள். வெயிலில் பாசி ஆக்சிஜன் விடுவதால் எண் அருமையாகத் தெரியும். விடியற்காலையில்தான் அது அடிமட்டத்துக்கு இறங்கும், மீன் செத்து மிதப்பதும் அப்போதுதான்.

பாட்டில் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சோடா பாட்டில் வேண்டாம். அந்தத் தண்ணீராலேயே மூன்று முறை அலசுங்கள். பிஓடிக்கு எடுத்ததை ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள், வண்டிப் பெட்டியில் வெயிலில் வெந்த பாட்டில் எதற்கும் உதவாது. இடம், தேதி, மணி எழுதாத பாட்டிலும் அப்படியே.

நாம் எடுத்த பாட்டிலை நீதிமன்றச் சாட்சி என்று நினைப்பது கடைசித் தவறு. 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி வாரிய அதிகாரி ஆலைக்காரருக்கு அறிவிப்பு கொடுத்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரை வைத்து எடுத்தால்தான் அந்த முடிவு சாட்சியாகும். நம் நோட்டுப் புத்தகத்தின் வேலை வேறு. எந்த ஓடையில், எந்தக் கிழமை, ராத்திரி எத்தனை மணிக்கு எண் ஏறுகிறது என்று மூன்று மாதப் பதிவோடு மனு கொடுத்தால், அதிகாரி அந்த நேரத்துக்கு அங்கே வந்து நிற்க முடியும். அப்படியும் வரவில்லையென்றால் வாரியத்துக்கு 60 நாள் அறிவிப்பு கொடுத்துவிட்டு நாமே நீதிமன்றத்தில் புகார் செய்யலாம், 49ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. அறிவிப்பை மறக்காமல் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை அந்த நோட்டிலேயே ஒட்டிவையுங்கள்.