ஓட்டுக்கூரைச் சாய்வு: ரசமட்டமும் டேப்பும் போதும்

மேலூர்ப் பக்கம் எங்கள் வீட்டுத் திண்ணைக்குச் சீமை ஓடு வேய்ந்தபோது, மரச் செலவு மிச்சம் என்று சாய்வைக் குறைத்துவிட்டேன். கொத்தனார் வேண்டாம் என்றுதான் சொன்னார். ஐப்பசி மழையில் காற்று தண்ணீரை ஓட்டிடுக்கில் ஏற்றிவிட, திண்ணையில் அண்டாவும் குண்டானும் வைக்க வேண்டியதாயிற்று.

அப்புறம்தான் அளக்கக் கற்றுக்கொண்டேன். மட்டம் பார்க்கும் குமிழி வைத்த இரண்டடி ரசமட்டத்தில் ஒரு முனையிலிருந்து 12 அங்குலத்தில் கோடு போடுங்கள். அந்த முனையைக் கூரையில் சரிவாக இறங்கும் கைமரத்தின் மேல்விளிம்பில் வைத்து, மறுமுனையைச் சரிவு இறங்கும் பக்கம் நீட்டி, குமிழி நடுவுக்கு வரும்படி பிடியுங்கள். கோட்டிலிருந்து நேர் கீழே கைமரம் வரை டேப்பால் அளங்கள். ஓட்டின் மேல் வைக்காதீர்கள், அதன் வளைவு கணக்கைக் கெடுக்கும்.

12 அங்குலத்துக்கு 6 அங்குலம் வந்தால் 26½ டிகிரி, 7 என்றால் 30, 12 என்றால் 45. என் திண்ணையில் வந்தது 4, அதாவது வெறும் 18 டிகிரி! சீமை ஓட்டுக்கு 6க்குக் குறையக் கூடாது. நான் 7 வைத்துப் பிரித்து வேய்ந்தேன். தென்னங்கீற்று தண்ணீரைக் குடிக்கும், அதற்கு 45 டிகிரி நல்லது. தகரத்துக்கு 3 போதும்.

மொட்டை மாடிக்கு 10 அடிக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை அங்குலச் சரிவு. தட்டோடு பதித்ததும் குடம் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். எங்காவது தேங்கினால், கூலி கொடுக்குமுன் கொத்தனாரிடம் காட்டிவிடுங்கள்.