கையால் கொத்திய அரம்: வாங்கியவர்கள் செய்யும் தவறுகள்

மரத்தை ராவுவதற்கென்று ஒவ்வொரு பல்லாகக் கையால் கொத்திய அரத்தை முதன்முதலாக வாங்கியவர்கள் அதைக் கண்ணருகே பிடித்துப் பார்ப்பார்கள். “பற்கள் வரிசையாகவே இல்லையே, ஏமாந்துவிட்டோமோ?” என்று சந்தேகம் வரும். அந்த ஒழுங்கின்மைக்குத்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள். வரிசையாகப் பல் வைத்த இயந்திர அரத்தில் ஒரு பல் போன தடத்திலேயே அடுத்ததும் போகும். மரத்தில் கோடு கோடாகப் பள்ளம் விழும். கையால் கொத்தியதில் முன்பல் விட்ட மேட்டைப் பின்பல் சீவிவிடும். அப்புறம் உப்புத்தாளுக்கு வேலை குறைவு.

பிரான்ஸில் 1856 முதல் இருக்கும் ஓரியூ பட்டறையில் இன்றும் கையால்தான் கொத்துகிறார்கள். கூர்முனை உளியை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. ஒரு பல் எழும். சற்று நகர்த்தி இன்னொரு தட்டு. ஒரு அரத்துக்கு இப்படி ஆயிரக்கணக்கில். அதுவரை எஃகு இளக்கமாக இருக்கும். கொத்தி முடித்த பிறகே பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்குவார்கள். பல் நன்றாக இறுகிவிடும், ஆனால் கண்ணாடிபோல் சில்லு பெயரும்.

இது தெரியாமல் நான் என் முதல் அரத்தை உளிகளோடு ஒரே தட்டில் போட்டு வைத்தேன். ஒரே மாதத்தில் ஓரப் பற்கள் போயின. துணியில் சுற்றி வையுங்கள். தூளை உதிர்க்க மேசையில் தட்டாதீர்கள்; பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். முன்னால் தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள், திரும்பும்போது தூக்கிவிடுங்கள். மரத்துக்குள் ஆணி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிடி போடாமல் ராவாதீர்கள், பிடி செருகும் கூரான வால் உள்ளங்கையில் ஏறிவிடும். இடது கைக்காரர்களுக்குத் தனியாகக் கொத்தியதும் கிடைக்கிறது, வாங்குமுன் கேளுங்கள்.

சரி, இன்னொரு தவறு பேச்சில் வருவது: அந்தக் காலத்துக் கைவேலை என்றாலே சொர்க்கம் என்பது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அரம் கொத்தியவர்கள், ஒரு பக்கம் கொத்திய அரத்தைத் திருப்பிப் போடும்போது, ஏற்கெனவே எழுந்த பற்கள் மழுங்காமலிருக்க அடியில் ஈயம் வைப்பார்கள். உளி வழுக்காமலிருக்க விரலை நாக்கில் நனைத்துக்கொள்வார்கள். விரலில் ஒட்டிய ஈயத்தூள் நேராக வயிற்றுக்குள். அந்த நஞ்சால் சிலருக்கு மணிக்கட்டு தொங்கிப்போய் உளியையே பிடிக்க முடியாமல் போனது. அப்படியும் 1866இல் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் எதிர்த்தவற்றில் கொத்தும் இயந்திரமும் ஒன்று.