ஹீட்டர் கொதிக்கிறது, தண்ணீர் 20 டிகிரியிலேயே நிற்கிறது

இயந்திரங்களையும் மின்சுற்றுகளையும் கணினியில் மாதிரியாக எழுதி ஓட்டிப் பார்க்கும் மாடலிகா மொழியில் 230 வோல்ட், 2 கிலோவாட் ஹீட்டரையும் 50 லிட்டர் தண்ணீரையும் இணைத்திருந்தேன். ஹீட்டர் கம்பிக்குத் தனியாக ஒரு வெப்பக் கொள்திறன் உண்டு. ஓட்டினால் கம்பியின் வெப்பநிலை ஏறிக்கொண்டே போனது, தண்ணீர் அசையவில்லை. பிழைச் செய்தியும் இல்லை.

முதலில் ஏசி அலையைச் சந்தேகித்து, அதே ஆர்எம்எஸ் அளவில் (அதாவது, அதே வெப்பம் தரும் சராசரி அளவில்) டிசி கொடுத்தேன். கணினியில் மாதிரி ஓடும் வேகம் கூடியது, தண்ணீர் அப்படியே. சமன்பாடுகளைத் தீர்க்கும் சால்வரை மாற்றியதும் வீண். மூன்று நாள் போயிற்று.

கடைசியில் தண்ணீர் பக்கத்து குளோஸ்டு வால்யூமை, அதாவது தண்ணீர்த் தொட்டியாக வைத்த பாகத்தை, திறந்தேன். வெப்பப் பரிமாற்றம் வேண்டுமா என்று கேட்கும் ‘யூஸ் ஹீட் டிரான்ஸ்ஃபர்’ அமைப்பு இயல்பாகவே ‘ஃபால்ஸ்’. அப்படியிருந்தால் அதன் வெப்ப முனையே இருக்காது. இல்லாத முனைக்கு எழுதிய கனெக்ட் (இணைப்பு) வரியை மாடலிகா சத்தமில்லாமல் நீக்கிவிடும். மொழியின் விதியே அதுதான். ஹீட்டர் கம்பியாக வைத்த ரெசிஸ்டரில் வெப்ப முனைக்கான ‘யூஸ் ஹீட் போர்ட்’டை ‘ட்ரூ’ ஆக்கிய நான் இந்தப் பக்கத்தைப் பார்க்கவேயில்லை.

‘ட்ரூ’ என்று மாற்றியதும் தண்ணீர் நிமிடத்துக்குச் சுமார் 0.57 டிகிரி ஏறியது. கைக்கணக்கும் அதேதான். அப்பாடா!