மழையில்லாத மாதங்களில் மொம்பாசா: முதல்முறை போகிறவர்களுக்குப் படிப்படியாக

மொம்பாசாவுக்கு எப்போது போகலாம் என்று கேட்டால் என் பதில் ஒன்றுதான்: ஜனவரிக்கும் மார்ச் பாதிக்கும் இடையில் போய் வந்துவிடுங்கள். கென்யாவின் இந்தத் துறைமுக நகரில் அந்த வாரங்களில் மழையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. கவலைப்பட வேண்டியவை வெயிலும் ஓதமும், அதாவது கடல் ஏறி வற்றுவதும். இவை இரண்டையும் கணக்கில் வைத்துத் திட்டமிட்டால் சின்னப் பயணமும் நிறைவாக இருக்கும்.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்கிலிருந்து வீசும் காற்றுக்கு அங்கே கஸ்காசி என்று பெயர். அரபு நாட்டிலிருந்தும் இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்தும் பாய்மரக் கப்பல்கள் பல நூற்றாண்டுகளாக இந்தக் காற்றைப் பிடித்துத்தான் இங்கே இறங்கின. பிறகு தெற்கிலிருந்து வரும் கூசி காற்றில் ஊர் திரும்பின. நமக்கு வேண்டிய சேதி இதுதான்: கஸ்காசி வீசும் காலத்தில் கடல் அடங்கியிருக்கும், தண்ணீர் தெளிந்திருக்கும். பிப்ரவரியில் மழை மிகக் குறைவு. ஏப்ரலிலும் மேயிலும் பெருமழை, அந்தப் பக்கமே போக வேண்டாம். ஜூலை, ஆகஸ்டில் வெக்கை குறைவுதான். ஆனால் கூசி காற்று கடலைக் கலக்கி, கரையெங்கும் கடற்பாசியைக் குவித்துவிடும்.

ரமலானையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2026இல் அது பிப்ரவரி மூன்றாம் வாரத்திலும் 2027இல் பிப்ரவரி இரண்டாம் வாரத்திலும் தொடங்குகிறது. பழைய நகரில் பகலில் பெரும்பாலான சாப்பாட்டுக் கடைகள் மூடியிருக்கும். நோன்பு திறக்கும் நேரத்தில் தெருவெல்லாம் பலகாரம்தான். அதற்காகவே போகிறவர்களும் உண்டு.

படி 2: ஊசியும் அனுமதியும்

கென்யா இப்போது விசா தருவதில்லை. 2024 ஜனவரி முதல் இணையத்தில் முன்கூட்டியே பயண அனுமதி வாங்க வேண்டும். அரசின் தளத்திலேயே விண்ணப்பியுங்கள். தேடினால் அதேபோலத் தோற்றமளிக்கும் தரகர் தளங்கள் வரிசையாக வந்து நிற்கும், கூடுதல் பணம் கேட்கும். பாஸ்போர்ட் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும். தங்கும் இடத்தின் பதிவும் திரும்பும் டிக்கெட்டும் கையில் இருக்கட்டும்.

இதைவிட முக்கியம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கென்யாவுக்குள் நுழைய இந்தியரிடம் பொதுவாக இதைக் கேட்பதில்லை என்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள். திரும்பி இறங்கும்போது நம் விமான நிலையத்தில் கேட்பார்கள். சான்றிதழ் இல்லையென்றால் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். ஊசி போட்டு 10 நாள் கழிந்த பிறகுதான் சான்றிதழ் செல்லும், ஆகவே கடைசி வாரம் வரை தள்ளிப்போடக் கூடாது. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். கடற்கரைப் பகுதியில் மலேரியாவும் உண்டு. தடுப்பு மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், கொசுவிரட்டிக் களிம்பும் எடுத்துவையுங்கள்.

படி 3: நைரோபியிலிருந்து ரயில்

மும்பையிலிருந்து நைரோபிக்கு நேரடி விமானம் உண்டு. அங்கிருந்து மொம்பாசா ஒரு மணி நேரப் பறத்தல். ஆனால் பகல் ரயிலை விட்டுவிடாதீர்கள் என்பேன். 2017இல் ஓடத் தொடங்கிய மடராகா எக்ஸ்பிரஸ், சாவோ தேசியப் பூங்காவின் ஊடாகப் போகிறது. தண்டவாளம் மேட்டில் இருப்பதால், மழையில்லாத மாதங்களில் புதர்கள் காய்ந்து, யானைகள் ஜன்னலிலிருந்தே தெரியும். செம்மண்ணில் புரண்டு அவை சிவப்பாகவே இருக்கும். பயணம் ஐந்தாறு மணி நேரம். சீட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். நிலையத்தில் மோப்ப நாய்ச் சோதனை உட்படப் பல அடுக்குப் பரிசோதனை இருக்கிறது, ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விட வேண்டும்.

ரயில் நிற்கும் மிரிட்டினி ஊருக்கு வெளியே. அங்கிருந்து டாக்ஸி பிடிக்கலாம், ஊபர், போல்ட் இரண்டும் ஓடுகின்றன.

படி 4: எங்கே தங்குவது

மொம்பாசாவின் மையம் ஒரு தீவு. கோட்டை, பழைய நகர், சந்தை எல்லாம் தீவில். மணற்கரைகள் எல்லாம் வெளியே: வடக்கில் நியாலி, பம்புரி, தெற்கில் 30 கிலோமீட்டர் தள்ளி டியானி. தீவில் ஓரிரு இரவு, மீதி நாள் கடற்கரை என்று பிரித்துக்கொள்வதே சரி. அறை எடுக்கும்போது நீச்சல்குளம் இருக்கிறதா என்று கேட்பதற்கு முன், தண்ணீர்த் தொட்டியும் ஜெனரேட்டரும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். தண்ணீர்த் தட்டுப்பாடு இந்த ஊருக்குப் பழைய நோய்.

படி 5: வெயிலையும் ஓதத்தையும் வைத்து நாளை வகுப்பது

மொம்பாசா நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 4 பாகையில் இருக்கிறது. மார்ச் இரண்டாம் வாரத்தில் நண்பகலில் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். நிழல் காலடிக்குள் போய்விடும். வெப்பமானி 32, 33 டிகிரிதான் காட்டும், நம் மே மாதத்தோடு பார்த்தால் ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் அந்தப் புழுக்கத்தில் பதினோரு மணிக்கு மேல் கல் சந்துகளில் அலைந்தால் சுருண்டுவிடுவீர்கள். ஆறரைக்குப் பொழுது விடிகிறது. ஏழு முதல் பத்தரை வரை சுற்றுங்கள், பகலில் அறையில் கிடங்கள், நாலு மணிக்கு மேல் மறுபடி கிளம்புங்கள்.

அடுத்தது ஓதம். சென்னைக் கடலில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் சுமார் ஒரு மீட்டர்தான் வித்தியாசம், குளிக்கப் போகிறவர் யாரும் அதைக் கவனிப்பதில்லை. மொம்பாசாவில் அது பெரிய ஓத நாள்களில் 3 மீட்டரைத் தாண்டும். காலையில் கடல் இருந்த இடத்தில் மத்தியானம் அரை கிலோமீட்டருக்கு மணலும் பாறையும் கிடக்கும். கரைக்கு வெளியே நீளமாக ஓடும் பவளத்திட்டு அலைகளைத் தடுத்துவிடுகிறது. அதற்கும் கரைக்கும் இடையே கிடக்கும் உள்கடல்தான் நீந்துமிடம். தண்ணீர் வற்றினால் அங்கே முழங்கால் நனையும் அளவுகூட மிஞ்சாது.

இதற்குத் தினசரி காலண்டரே போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் இந்தக் கரையில் காலை பத்து, பதினோரு மணி வாக்கில் கடல் நன்றாக வற்றும், மாலை நாலு, ஐந்து மணிக்கு நிறையும். அந்த நாள்களில் காலையில் பவளத்திட்டுப் பக்கம் நடந்து போய் நட்சத்திர மீனும் நண்டும் பார்த்துவிட்டு, மாலையில் நீந்தலாம். அஷ்டமி, நவமி வாக்கில் கணக்கு தலைகீழ்: காலையில் தண்ணீர் நிறைந்திருக்கும், ஏற்றவற்ற வித்தியாசமும் குறைவு. காலைக் குளியலுக்கு அதுதான் தோது. ஒவ்வொரு நாளும் நேரம் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப்போகும். துல்லியமான நேரம் வேண்டுமானால் இணைய ஓத அட்டவணை இருக்கிறது. விடுதி வரவேற்பறையிலும் கேட்கலாம்.

வற்றின கடலில் நடக்க ரப்பர் காலணி கட்டாயம். பாறையிடுக்குகளில் கடல் முள்ளெலிகள் இருக்கும், முள் ஏறினால் அன்றைய நாள் முடிந்தது. உயிருள்ள பவளத்தின்மேல் மிதிக்காமல் மணல் திட்டுகளிலேயே நடங்கள். கடல் எப்போது திரும்பும் என்று தெரியாமல் தூரமாகப் போகவே கூடாது, அது வரும்போது பின்பக்கத்துப் பள்ளங்கள் முதலில் நிறையும்.

படகு பேசும்போது ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். சுவாஹிலி மக்கள் மணியைச் சூரியோதயத்திலிருந்து எண்ணுவார்கள், நம் பழைய நாழிகைக் கணக்கைப் போல. படகோட்டி சொல்லும் ‘மூன்று மணி’ காலை ஒன்பதாகவும் இருக்கலாம்.

படி 6: கோட்டையும் பழைய நகரும்

ஃபோர்ட் ஜீசஸ் கோட்டை காலை எட்டு மணிக்குத் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். போர்த்துகீசியர் 1593 முதல் 1596 வரை கட்டியது. வரைபடம் போட்டவர் இத்தாலியரான ஜொவானி பத்திஸ்தா கைராத்தி. மேலிருந்து பார்த்தால் மல்லாந்து கிடக்கும் மனித உருவம் போலத் தெரியும். 1696இல் ஓமானியர் முற்றுகையிட்டார்கள், கோட்டை விழ இரண்டே முக்கால் ஆண்டு ஆயிற்று. அந்த முற்றுகையின்போது 1697இல் கோட்டைக்கு எதிரே மூழ்கிய போர்க்கப்பல் மும்பைக்குப் பக்கத்து வசாயில் கட்டப்பட்டது. அதிலிருந்து எடுத்த பொருள்கள் உள்ளே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, பீரங்கிகளைவிட எனக்கு அவைதான் பிடித்தன. ஆங்கிலேயர் காலத்தில் இது சிறைச்சாலை. 2011இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

வெளியே வந்தால் பழைய நகரின் சந்துகள். செதுக்கு வேலைப்பாடுள்ள கதவுகள், தெருவுக்கு மேலே நீட்டிய மரப் பலகணிகள், 1570ஐச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் மந்த்ரி பள்ளிவாசல். தோளும் முழங்காலும் மூடிய உடை போடுங்கள். கதவைப் படம் எடுக்கலாம். ஆளைப் படம் எடுக்கக் கேட்டுத்தான் ஆக வேண்டும். பெரியவர்களைக் கண்டால் ‘ஷிகாமூ’ என்று வணக்கம் சொல்லுங்கள், ‘மரஹபா’ என்று மலர்ந்து பதில் சொல்வார்கள்.

படி 7: சாப்பாடு

காலைக்கு மஹாம்ரியும் ம்பாஸியும்: தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் சேர்த்துப் பொரித்த உப்பலான ரொட்டி, கூடவே தேங்காய்ப்பாலில் வெந்த துவரை. சைவக்காரர்களுக்கு இதுவே பெரிய வரம், தீவில் குஜராத்திச் சாப்பாட்டுக் கடைகளும் உண்டு. கம்பியில் சுட்ட மிஷ்காக்கி பெரும்பாலும் மாட்டிறைச்சி, கேட்டுச் சாப்பிடுங்கள். மாலையில் மாமா ங்கினா கடலோரச் சாலைக்குப் போய், ஆனைப்புளிய மரத்தடியில் உட்கார்ந்து மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் தடவிய மரவள்ளிக் கிழங்கு வாங்குங்கள். இளநீருக்கு அங்கே மடாஃபு. குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள்.

படி 8: மீதி விவரங்கள்

பாஸ்போர்ட் காட்டி ஒரு சிம் வாங்கி, செல்போனிலேயே பணம் செலுத்தும் எம்-பெசா சேவையைப் போட்டுக்கொண்டால் ஆட்டோ முதல் தேங்காய்க் கடை வரை பணம் செலுத்தலாம். பிளக் சதுர முள் மூன்று உள்ளது, நம் உருண்டை முள் நுழையாது. பிளாஸ்டிக் கைப்பைக்கு 2017 முதல் தடை, துணிப்பை கொண்டுபோங்கள். சிப்பி, பவளம் எதையும் பொறுக்கி எடுத்துவர வேண்டாம், விற்கிறவர்களிடமும் வாங்க வேண்டாம். சட்டப்படி குற்றம்.

டியானிக்கு, தீவையும் தெற்குக் கரையையும் இணைக்கும் லிகோனி படகில் கடந்து போகலாம். நடந்து ஏறுகிறவர்களுக்குக் காசு கிடையாது. காலையில் தீவை நோக்கியும் மாலையில் தெற்கு நோக்கியும் கூட்டம் நெரியும், அதற்கு எதிர்த்திசையில் போகிற மாதிரி நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். செல்போன் உள்பையிலேயே இருக்கட்டும், அங்கே படம் எடுக்கவும் தடை. டியானியிலிருந்து நேரே ரயிலுக்கோ விமான நிலையத்துக்கோ போகிறவர்கள் டோங்கோ குண்டு புறவழிச்சாலையில் டாக்ஸி வைத்துக்கொண்டால் படகையே தவிர்த்துவிடலாம்.