ஈறில் ரத்தம்: நான் ஒதுங்கிப் போன இடம்

பல் தேய்த்துத் துப்பினால் இளஞ்சிவப்பாக வரும். ஒரு வருடம் அப்படியே ஓட்டினேன். வலியே இல்லையே, பயம் எங்கிருந்து வரும்? ரத்தம் வருகிற இடத்தில் பிரஷ் படாமல் தேய்த்ததுதான் பெரிய முட்டாள்தனம். அங்கேதான் அழுக்குப் படலம் சேர்ந்து காரையாக இறுகியது.

பல் டாக்டர் மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு அளந்தார். இடைவெளியின் ஆழம் 3 வரை பரவாயில்லையாம். முன்பற்களில் 2, 3 என்று சொல்லிக்கொண்டு வந்தவர், கீழ்க் கடைவாயில் 5, 6 என்றார். எக்ஸ்ரேயில் அங்கே எலும்பு இறங்கியிருந்தது. முன்பற்களில் இருந்தது வெறும் ஈறு வீக்கம், முழுக்கச் சரியாகிவிடும். கடைவாயில் கரைந்த எலும்பு தானாகத் திரும்பாது. ஒரே வாயில் இரண்டு கட்டமும்!

மரத்துப்போக ஊசி போட்டு, 2 தடவையாக ஈறுக்குக் கீழே வேர்வரை சுத்தம் செய்தார். சுத்தம் செய்தால் பல் ஆடும் என்று அத்தை தடுத்துப் பார்த்தார். எலும்பு கரைந்ததால் ஆடும் பல்லைக் காரை முட்டுக்கொடுத்து மறைத்து வைத்திருக்கும், அவ்வளவுதான். டாக்டர் சர்க்கரையும் பார்க்கச் சொன்னார், கூடியிருந்தது. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை எளிதில் அடங்காது.

அப்புறம் தினமும் ராத்திரி பல்லிடுக்கு பிரஷ். முதல் வாரமும் ரத்தம் வந்தது, விடவில்லை. 3 மாதம் கழித்து அளந்தபோது 6 இருந்த இடம் 4. அடுத்த அளவு தைக்குப் பிறகு.