சபையில் ஆலோசனை தருவோர் தவிர்க்க வேண்டிய சொல் தவறுகள்

மனசு உடைந்துபோன ஒருவர் பெரும்பாலும் மனநல மருத்துவரிடம் முதலில் போவதில்லை. ஆராதனை முடிந்து கூட்டம் கலையும்வரை காத்திருந்து, "பாஸ்டர், ஒரு நிமிஷம் பேசலாமா?" என்று கேட்கிறார். அந்த முதல் பேச்சில் போதகரோ பாதரோ, சபையில் ஆலோசனைப் பணி செய்யும் சகோதரியோ என்ன சொல்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் வந்தவர் மேலே பேசுவதும் வாயை மூடிக்கொள்வதும். நம்மிடம் வேதத்துச் சொற்களும் இருக்கின்றன, மனநலத் துறையின் சொற்களும் இருக்கின்றன. நல்லெண்ணத்தோடுதான் இரண்டையும் எடுக்கிறோம். ஆனால் கேட்டு முடிப்பதற்குள் பெயர் வைத்துவிடுகிறோம். நான் பார்த்தவரை பெரும்பாலான தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

அடிக்கடி நடப்பது மனஅழுத்தத்தையும் மனச்சோர்வையும் ஒன்றாகப் பேசுவது. பரீட்சை, கடன், வேலையிடத்து நெருக்கடி ஆகியவற்றால் வருவது மனஅழுத்தம். காரணம் விலகினால் பெரும்பாலும் அதுவும் தணியும். மனச்சோர்வு ஒரு நோய். இரண்டு வாரமோ அதற்கு மேலோ, ஏறக்குறைய தினமும், நாளின் பெரும்பகுதி மனம் இருண்டு கிடப்பது. பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமல் போவது. அதோடு தூக்கம், பசி, கவனம் எல்லாம் கெடுவது. மனச்சோர்வில் இருப்பவரிடம் "எல்லாருக்கும் டென்ஷன் இருக்கத்தான் செய்யுது, ரெண்டு நாள் ஊருக்குப் போய்ட்டு வாங்க" என்றால், தன் வலி இவருக்குப் புரியவில்லை என்று அவர் எழுந்து போய்விடுவார்.

சபைக்குள் இதற்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அளவுக்கு மீறிய குற்ற உணர்வு மனச்சோர்வின் அறிகுறிகளில் ஒன்று. விசுவாசியிடம் அது வேதத்தின் மொழியிலேயே பேசும்: "ஆண்டவர் என்னைக் கைவிட்டுட்டார்", "ஜெபிக்க வாயே வரல". இதைக் கேட்டதும் "விசுவாசக் குறைவு" என்று சொல்லிவிட்டால், நோய் ஏற்கெனவே அவர் காதில் ஓதிக்கொண்டிருப்பதற்கு நாமும் ஆமாம் போட்டதாகிவிடும். சூரைச்செடியின் கீழ் படுத்து, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று எலியா தீர்க்கதரிசி கேட்டபோது தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஆகவே நாமும் தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, காலையில் எழுந்திருக்க முடிகிறதா என்று முதலில் கேட்கலாம். "நெஞ்சு அடைக்குது", "தலை பாரமா இருக்கு", "மனசு சரியில்ல" என்று அவர் தன் வார்த்தையில் சொன்னால், திருப்பிக் கேட்கும்போதும் அதே வார்த்தையில் கேளுங்கள். "ஓ, இது டிப்ரஷன்" என்று மாற்றிப் போட வேண்டாம். நோய்க்குப் பெயர் வைக்கும் பயிற்சி நமக்கு இல்லை.

இதே காரணத்தால், ஓயாமல் கை கழுவுபவரை ஓ.சி.டி. (எண்ணச் சுழற்சி நோய்) என்பதும், கோபம் மாறி மாறி வருபவரைப் பைபோலார் (மனநிலை உச்சத்துக்கும் தாழ்வுக்கும் மாறும் நோய்) என்பதும் பிரசங்கத்தில்கூட வேண்டாம். மனச்சிதைவு என்றால் ஒரே ஆளுக்குள் இரண்டு ஆள் இருப்பது என்பதும் தவறு. இல்லாத குரல்கள் கேட்பது, அசைக்க முடியாத தவறான நம்பிக்கைகள், சிந்தனை சிதறுவது ஆகியவையே அந்த நோயின் முக்கிய அறிகுறிகள். பைத்தியம், சைக்கோ என்ற சொற்களை வேடிக்கைக்காகவும் சொல்லாதீர்கள். அந்த நோயோடு வாழும் ஒருவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கலாம்.

கொஞ்சம் நின்று பேச வேண்டிய ஒன்று, "மன்னிக்கப்படாத பாவம்" என்ற பயம். படித்த, பக்தியான ஓர் இளைஞர் வருகிறார் என்று வையுங்கள். ஜெபிக்க உட்காரும்போதெல்லாம் ஆண்டவரைப் பற்றிக் கெட்ட வார்த்தைகள் தானாக மனதில் ஓடுகின்றன. பரிசுத்த ஆவிக்கு எதிரான தூஷணம் மன்னிக்கப்படாது என்று மத்தேயு 12-இல் படித்திருக்கிறார், நடுங்குகிறார். "நான் அந்தப் பாவத்தைச் செஞ்சுட்டேனா?" என்று கேட்கிறார். இல்லை என்று நீங்கள் சொன்னதும் முகம் தெளிகிறது. மறுநாள் போன்: "நான் உண்மையிலேயே மனசாரச் செய்யலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" அடுத்த வாரமும் அதே கேள்வி, கொஞ்சம் வேறு மாதிரி.

எண்ணச் சுழற்சி நோய், அதாவது வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து வாட்டும் ஓ.சி.டி., பக்தியின் உடையில் வரும்போது பல சமயம் இப்படித்தான் இருக்கும். எதை உயிராக மதிக்கிறாரோ அதையே அந்த எண்ணம் தாக்கும். இங்கே நடக்கும் தவறுகள் இரண்டு. "அந்த எண்ணத்துக்கு மனந்திரும்புங்கள்" என்பது ஒன்று. அழைக்காமல் வந்த எண்ணத்தை அவர் செய்த பாவமாக்கிவிடுகிறோம். மற்றது அன்பினால் நடப்பது: ஒவ்வொரு முறையும் "நீங்க செய்யல, கவலைப்படாதீங்க" என்று உறுதி கொடுப்பது. அந்த உறுதி சில மணி நேரம் ஆறுதல் தரும், பிறகு அதையே மறுபடி தேட வைக்கும். பாவசங்கீர்த்தனத்துக்கு (குருவானவரிடம் பாவத்தை அறிக்கையிடுவதற்கு) ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கொண்டுவருபவரும் இதே சுழலில் மாட்டியிருக்கலாம். இதற்கு நல்ல சிகிச்சை உண்டு. பயத்தைத் தூண்டும் எண்ணத்தைப் படிப்படியாக எதிர்கொண்டு, பதிலுக்குச் செய்யும் சடங்கைச் செய்யாமல் இருக்கப் பழக்குவார்கள். தேவைப்பட்டால் மருந்தும் தருவார்கள். நாம் சொல்லக்கூடியது: "இந்தக் கேள்விக்கு முன்னாடியே பதில் சொல்லிட்டேன். மறுபடி சொன்னா உங்க பயம்தான் வளரும். இதுக்குன்னு பயிற்சி எடுத்த ஒருத்தரைச் சேர்ந்து பார்ப்போம்."

அப்புறம், "பிசாசின் கட்டு". சபைக்குச் சபை நம்பிக்கை வேறுபடும். அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் அதை முதல் விளக்கமாகச் சொல்லாதீர்கள். வலிப்பு, மனச்சிதைவு, காய்ச்சலோடு வரும் மூளைக் குழப்பம் எல்லாம் வெளியே பார்க்க அப்படித் தோன்றும். பிரசவமான சில நாட்களில் தூக்கமே இல்லாமல், சம்பந்தமில்லாமல் பேசி, குழந்தையைப் பற்றி விசித்திரமாக ஏதாவது சொல்லும் தாயை அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். உபவாச ஜெபத்துக்கு மூன்று நாள் காத்திருந்தால் தாய், பிள்ளை இருவர் உயிருக்கும் ஆபத்து. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். எந்த மதத்து ஆலயமானாலும் மறக்கக் கூடாத நாள் அது. மனநோய் உள்ளவரைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது.

கணவனிடம் அடி வாங்கி வந்த பெண்ணிடம் "மன்னிச்சிடும்மா" என்று சொல்வது எனக்குத் தாங்க முடியாத ஒன்று. சொல்பவர் மனதில் இருப்பது மன்னிப்பு. அவள் காதில் விழுவது, வீட்டுக்குத் திரும்பிப் போ என்பது. மன்னிப்பு அவள் உள்ளத்தில், அவள் நேரத்தில் நடக்க வேண்டியது. ஒப்புரவுக்கு, அதாவது உறவு மறுபடி சேர்வதற்கு, இரண்டு பேர் வேண்டும். அடித்தவன் தவறை ஒத்துக்கொண்டு மாறியிருக்க வேண்டும். அவள் பாதுகாப்பு இந்த இரண்டுக்கும் முன்னால் வர வேண்டிய விஷயம். "இன்னைக்கு ராத்திரி அந்த வீட்ல இருக்கறது பாதுகாப்பா?" என்று கேளுங்கள். பெண்கள் உதவி எண் 181 என்பதைச் சொல்லுங்கள். "சிலுவையைச் சுமக்கணும்" என்ற வாக்கியத்தை அந்த அறைக்குள் எடுக்கவே கூடாது.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று முழு வாக்குறுதி கொடுப்பதும் தவறுதான். கத்தோலிக்கப் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை குருவானவர் எந்தக் காரணத்துக்காகவும் வெளியிடக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம். ஆலோசனை அறை வேறு. உயிருக்கு ஆபத்து என்றால் பிறர் உதவியைத் தேட வேண்டியிருக்கும். குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரியவந்தால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். இந்த எல்லையைப் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். மற்றபடி கேட்டது உங்களோடு இருக்கட்டும். "ஒரு சகோதரியின் குடும்ப சமாதானத்துக்காக ஜெபியுங்கள்" என்று வாட்ஸ்ஆப் குழுவில் போட்டால், பெயர் இல்லாவிட்டாலும் சின்ன சபையில் யாரென்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

ஆன்டன் போய்சன் என்ற அமெரிக்கப் போதகர் 1920-இல் கடும் மனநோயால் மருத்துவமனையில் அடைபட்டிருந்தவர். 1925-இல் மாசசூசெட்ஸின் வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் இறையியல் மாணவர்களை நோயாளிகளிடையே வைத்துப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். நோயாளியை உயிருள்ள ஏடாக வாசிக்கப் பழகுங்கள் என்பது அவர் பாடம். போதகர்களுக்கான மருத்துவமனைப் பயிற்சி வளர்ந்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. நம்மிடம் வருபவரையும் அப்படி வாசிக்க நேரம் கொடுக்க வேண்டும்.

தற்கொலையைப் பற்றிக் கேட்கும்போதுதான் நம் நாக்கு அதிகம் தடுமாறுகிறது. "தப்பா எதுவும் யோசிக்கலையே?" என்று கேட்டால், இல்லை என்று சொல்லச் சொல்லி நாமே எடுத்துக் கொடுக்கிறோம். "வாழ்க்கையை முடிச்சுக்கலாம்னு தோணுதா? தற்கொலை செஞ்சுக்கற எண்ணம் வருதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. பலருக்கு அது சொல்லிவிட்ட நிம்மதியைத் தருகிறது. ஆமாம் என்றால், எப்படி என்று யோசித்திருக்கிறாரா, அதற்கான பொருள் வீட்டில் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். நரகத்தைப் பற்றி அப்போது பேசாதீர்கள். தனியாக அனுப்பவும் வேண்டாம். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸின் எண் 14416; இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற மருத்துவ உதவி எண்ணையும் அழைக்கலாம்.

மருத்துவரிடம் அனுப்பும்போது "இது என் கையில இல்ல, டாக்டரைப் பாருங்க" என்று முடித்துவிட்டால், ஆலயமும் கைவிட்டுவிட்டது என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். "நானும் கூட வரேன். வர்ற ஞாயித்துக்கிழமையும் பேசுவோம்" என்று சொல்லுங்கள். மாத்திரையை விட்டதை விசுவாசத்தின் சாட்சியாக மேடையில் சொல்ல இடம் கொடுக்காதீர்கள். கேட்பவர்களில் ஒருவர் அன்றிரவே தன் மாத்திரையை நிறுத்தலாம். திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். குறைப்பதோ நிறுத்துவதோ மருந்து எழுதிய மருத்துவரிடம் பேசி மட்டுமே என்று அதே மேடையில் சொல்லுங்கள்.